கடல்நீர்த் தொட்டியில் நீலப்பச்சைப் பாசிப் படலம்

கடல்மீன்களும் பவள உயிரிகளும் வளரும் உப்புநீர்த் தொட்டிகளில் மணல், பாறை, கண்ணாடி எதையும் விடாமல் படரும் வழவழப்பான படலம் இது. பெரும்பாலும் கருஞ்சிவப்பாக இருக்கும்; சில தொட்டிகளில் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ தோன்றும். தொட்டி வளர்ப்பவர்கள் ‘சயனோ’ என்றும் ‘ரெட் ஸ்லைம்’ என்றும் சொல்வார்கள். நீலப்பச்சைப் பாசி என்று பாடநூல்கள் அழைத்துவந்த சயனோபாக்டீரியாக்கள்தாம் இவை. ஒளிச்சேர்க்கை செய்தாலும் இவை பாக்டீரியாக்கள். மருந்து பற்றிய பேச்சு வரும்போது இது முக்கியமாகிறது. சிவப்பு நிறம் பைகோஎரித்ரின் என்ற நிறமியால் வருவது. ஆசிலடோரியா, போர்மிடியம், லிங்பியா, ஸ்பைருலினா ஆகிய பேரினங்களைச் சேர்ந்த இழைகள் தொட்டிகளில் அடிக்கடி காணப்படுகின்றன.

தமிழ்நாட்டு உழவர்களுக்கு இந்த உயிரி புதிதன்று. நடவு முடிந்து பத்தாம் நாள் எக்டருக்கு 10 கிலோ என்ற அளவில் வயலில் தூவப்படும் நீலப்பச்சைப் பாசி உரம் இதே குடும்பம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நெல்லுக்குத் தரும் இதன் திறனை, இந்திய நெல்வயல் மண்ணை ஆராய்ந்த பி. கே. டே 1939இல் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி 1959இல் எழுதிய ‘சயனோபைட்டா’ என்னும் பெருநூலை உலக ஆய்வாளர்கள் இன்றும் இனங்காணப் புரட்டுகிறார்கள். கடல்வாழ் வகைகளை வளர்த்துப் பாதுகாப்பதற்கென்றே திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 1991இல் தேசிய கடல் சயனோபாக்டீரியா மையம் தொடங்கப்பட்டது. கடற்கரையே இல்லாத ஊரில் கடல்நீர்க் குடுவைகளில் இவற்றைப் பேணி வளர்க்கிறார்கள். தொட்டிக்காரர் ஒழிக்க நினைப்பதும் அங்கே பேணப்படுவதும் ஒரே வகை உயிரி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இதை நோயாக அல்லாமல் நீரின் நிலையைக் காட்டும் வளர்ச்சியாகப் பார்க்க முடியும்.

அடையாளம் காணுதல்

விளக்கு எரியத் தொடங்கிச் சில மணி நேரத்தில் படலம் தடித்து, அதன்மேல் ஆக்சிஜன் குமிழிகள் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். இரவில் சுருங்கி, காலையில் ஏறக்குறைய காணாமற்போகும். பிற்பகலில் மீண்டும் விரியும். நகத்தால் ஓரத்தை நெம்பினால் ஒரே தாளாக உரிந்து வரும். நார்ப்பாசி இப்படி உரியாது, பாறையில் வேர் பிடித்ததுபோல் நிற்கும். புதுத் தொட்டியில் முதல் வாரங்களில் படியும் பழுப்புத் தூசி டயட்டம். துடைத்தால் புகையாகக் கலையும், தானாகவே போய்விடும். குழப்பம் தருவது டைனோபிளாஜெல்லேட். அதுவும் குமிழி விடும், ஆனால் சளி இழைபோல் பழுப்பாகத் தொங்கும். சந்தேகம் இருந்தால் சிறிதளவை எடுத்து 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில் பார்ப்பது நல்லது. சயனோ என்றால் நீண்ட இழைகள் தெரியும். டைனோ என்றால் தனித்தனிச் செல்கள் நீந்தும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

வருவதற்கான காரணங்கள்

மிச்ச உணவும் மீன்கழிவும் மணலில் படிந்து அழுகுவதே பொதுவான தொடக்கம். நீரோட்டம் எட்டாத மூலையில் கசடு தங்குகிறது, அங்கே ஆக்சிஜன் குறைகிறது, பாஸ்பேட் கசிகிறது. முதல் சிவப்புப் புள்ளி அங்கேதான் விழும். படலம் எங்கே தொடங்கியது என்று கவனித்தாலே தொட்டியில் நீர் தேங்கும் இடம் தெரிந்துவிடும்.

பாசி என்றாலே சத்து மிகுதி என்று எண்ணி நைட்ரேட்டைச் சுழிக்கு இறக்கிவிடுவது பலர் செய்யும் தவறு. நைட்ரேட் தீர்ந்து, பாஸ்பேட் மட்டும் மிஞ்சிய நீரில் பச்சைப்பாசிகளும் நற்பாக்டீரியாக்களும் தளர்ந்துபோகின்றன. சயனோபாக்டீரியாக்களில் பல வகைகளுக்கோ, நெல்வயலில் செய்வதைப்போலவே, கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவே போதும். அதனால் போட்டியில்லாத களம் அவற்றுக்குக் கிடைக்கிறது. கோடையில் அமைதியான வெப்பக் கடல்களில் மரத்தூள்போல் மிதந்து பெருகும் டிரைக்கோடெஸ்மியமும் இந்தத் திறனால்தான் சத்து வற்றிய நீரில் தழைக்கிறது. பவளத் தொட்டி வளர்ப்போர் பெரும்பாலும் நைட்ரேட்டை லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராமும், பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 மில்லிகிராமும் வைத்துக்கொள்கிறார்கள். விகிதக் கணக்கைத் துல்லியமாகத் துரத்துவதைவிட, இரண்டில் எதுவும் சுழியில் விழாமல் பார்ப்பதே பயன் தரும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: படலம் தடித்திருக்கும்போது சத்தை அதுவே உறிஞ்சிவிடுவதால், சோதனைக் குப்பி காட்டும் எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

பாக்டீரியாவை வளர்க்கவென்று வோட்கா, வினிகர் போன்ற கரிமப் பொருள்களை அளவுமீறி ஊற்றுவதும் படலத்தைத் தூண்டும். வெப்பமும் காரணம்தான். 25 முதல் 27 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய தொட்டி, சித்திரை வைகாசியில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் 30ஐத் தாண்டிவிடும்.

இந்தியத் தொட்டிகளுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. 2001 ஜூலையில் கல்பவளங்கள், கரும்பவளங்கள், கடல்விசிறிகள், நெருப்புப் பவளங்கள் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எனவே பிற நாடுகளில் செய்வதுபோல் பவளத்திட்டிலிருந்து எடுத்த ‘லைவ் ராக்’ வாங்கித் தொட்டி தொடங்குவது இங்கே குற்றம். சட்டம் சரியானதே. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டியெடுத்த பகுதியில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கியே போயின. 1986இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அந்த வளைகுடாவிலிருந்து எவர் வீட்டுத் தொட்டிக்கும் ஒரு கல்கூட வரக் கூடாது. ஆனால் செயற்கைப் பாறை வெறும் பரப்பாக இருக்கிறது. அதில் முதலில் குடியேறுபவை விரைந்து பெருகும் உயிரிகளே, சயனோவும் அவற்றுள் ஒன்று. நற்பாக்டீரியாக் குப்பிகளைச் சேர்த்து, மீன்களை மெதுவாக ஏற்றி, சில மாதங்கள் பொறுத்திருப்பதே இதற்கு வழி.

நீக்கும் முறை

முதல் வேலை கையால் எடுப்பது. படலம் நன்றாகத் தடித்திருக்கும் பிற்பகலில் காற்றுக்குழாய் அளவுள்ள மெல்லிய குழாயைச் சைபனாக வைத்து, அதன் வாயில் பழைய பல்துலக்கியைக் கட்டிக்கொள்ளலாம். தூரிகை ஓரத்தை நெம்பும், குழாய் அதே நொடியில் இழுத்துக்கொள்ளும். தேய்த்துக் கலைத்துவிட்டால் துண்டுகள் தொட்டி முழுக்கப் பறந்து புதிய இடங்களில் ஒட்டும். வாளியில் விழுந்த படலத்திலிருந்து ஈரமண்ணும் அழுகலும் கலந்த வாடை எழும். லிங்பியா வகைகள் சிலவற்றின் நச்சு தோலில் தடிப்பை உண்டாக்கும் என்பதால் கையுறை அணிய வேண்டும்.

எடுத்த நீருக்கு ஈடாக 10 முதல் 15 விழுக்காடு புதிய உப்புநீரை, ஒப்படர்த்தி 1.025 அளவில் கலந்து ஊற்ற வேண்டும். வாரம் ஒருமுறை என்று விடாமல் செய்தால் பல தொட்டிகள் இதோடு தெளிந்துவிடுகின்றன. கூடவே நீரோட்டம் தரும் வேவ்மேக்கரின் திசையை மாற்றி, தேங்கிய மூலையில் நீர் ஓடச் செய்ய வேண்டும். பவளத் தொட்டியில் மொத்த நீரும் மணிக்கு 20 முதல் 40 முறை சுழல்வது வழக்கம். 200 லிட்டர் தொட்டிக்கு 4,000 முதல் 8,000 லிட்டர். உறைந்த மீன் உணவை ஆர்ஓ நீரில் அலசிப் போடுவதும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கழுத்தில் படிந்த கொழுப்பைத் துடைப்பதும், வடிதுணியை அழுக்கேறுமுன் மாற்றுவதும் சிறு வேலைகள்தாம். ஆனால் மருந்தைவிட இவற்றால்தான் அதிகம் நடக்கிறது. நத்தைகள் இந்தப் படலத்தைப் பெரும்பாலும் விரும்பித் தின்பதில்லை. மணலைக் கிளறிவிடும் அளவுக்கே உதவும்.

மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடுவதும் உண்டு. பவளங்கள் தாங்கிக்கொள்ளும். இறந்த படலம் அழுகும்போது ஆக்சிஜன் இறங்கும் என்பதால் காற்றுக்கல் ஓடியே ஆக வேண்டும். காரணம் மாறாவிட்டால் சில வாரங்களில் படலம் திரும்பிவரும்.

எரித்ரோமைசின் இந்த பாக்டீரியாவைக் கொல்லும். ஆனால் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மனித மருந்து அது. தொட்டியின் நற்பாக்டீரியாவையும் அது பாதிக்கலாம். மருந்துக்கு மசியாத கிருமிகளை வளர்த்துவிடும் அபாயமும் உண்டு. மீன் கண்காட்சிக்கோ விற்பனைக்கோ தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக இதை ஊற்றுவது ஏற்கத்தக்கதன்று. கெமிக்ளீன் போன்ற கடைச்சரக்குகளைப் பயன்படுத்துவோர் ஸ்கிம்மரின் குவளையைக் கழற்றி, காற்றோட்டத்தைக் கூட்டி, 48 மணி நேரம் கழித்து 20 விழுக்காடு நீர் மாற்றுகிறார்கள்.

கடலுக்கு எட்டாத ஊர்களில்

சென்னையில் கொளத்தூர்க் கடைகளைச் சுற்றி இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்திருந்தாலும், உப்புக்கலவை கிடைக்கும் இடத்திலெல்லாம் தொட்டி வைக்கலாம். சவ்வாது மலையை எடுத்துக்கொண்டால், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூர் போன்ற ஊர்களின் குளிர்ந்த இரவு சில்லரின் சுமையைக் குறைக்கும். நீர்தான் சிக்கல். கடும்பாறைப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கடினத்தன்மை கூடுதலாக இருக்கக்கூடும். உரமிட்ட நிலத்தருகே நைட்ரேட்டும் சேரும். வீட்டு ஆர்ஓ இயந்திரம் மட்டும் போதாது, அதன்பின் அயனி நீக்கும் பிசின் குடுவையும் வேண்டும். கரைபொருள் அளவைக் காட்டும் டிடிஎஸ் மானி சுழி காட்டிய நீரில்தான் உப்பைக் கலக்க வேண்டும். மின்தடையின்போது நீரோட்டம் நின்று கசடு படியும் என்பதால் பேட்டரியில் ஓடும் காற்றுப்பம்பு ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

மாற்றியெடுத்த உப்புநீரை ஓடையிலோ கிணற்றடியிலோ தோட்டத்திலோ ஊற்றக் கூடாது. சவ்வாது மலையின் ஓடைகள் செய்யாற்றுக்கும் அதன்வழி பாலாற்றுக்கும் போகின்றன. கழிவுநீர்க் குழாய் உள்ள வீட்டில் அதில் விடலாம். இல்லாத இடத்தில் அகன்ற தொட்டியில் வெயிலில் வற்றவிட்டு, மிஞ்சும் உப்பைக் குப்பையோடு சேர்ப்பதே பாதுகாப்பானது. மருந்து கலந்த நீரென்றால் வற்றவிடுமுன் கரித்தூள் வடிப்பானில் ஓடவிட வேண்டும்.