மலையக நாவலும் சரித்திரப் பிரமாணமும்

நவீன சரித்திரத்தைக் கற்க விழைவோனுக்கு நாவல் பொழுதுபோக்குத் துணையா, பிரமாண நூலா என்னும் வினா, ஆவணங்கள் மலிந்த சமுதாயங்களில் வெறும் ரசனை விவாதமாக முடிந்துவிடக்கூடும். ஆனால் இலங்கையின் நுவரெலியா, அட்டன், தலவாக்கலைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் எழுதி வைக்கும் அதிகாரம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகிகளான துரைமாரின் கந்தோருக்கே உரியதாயிருந்தது. அக்கந்தோரின் வருகைப் பதிவேடான செக்றோல், தொழிலாளியின் முழுநாட் கூலிக்குரிய முழுப்பேரையும் அரைநாட் கூலிக்குரிய அரைப்பேரையும் தவறாது பதிந்ததேயன்றி, அவ்வரைப்பேர் விழுந்த அன்று வரிசைவீடான லயத்தில் அவன் குடியிருந்த காம்பராவில் அடுப்பெரிந்ததா என்பதைப் பதிந்ததில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் மலையக நாவல் சரித்திரப் பிரமாணமே என்பதும், கதை நிகழும் காலம், கதை எழுதப்பட்ட காலம் ஆகிய இரண்டுக்கும் அது ஒருங்கே சாட்சியாதலால் அவ்விரண்டையும் பகுத்துணரும் வாசகனுக்கே அது பயன்தரும் என்பதும் இக்கட்டுரையின் சித்தாந்தமாகும்.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. தமிழகக் கிராமத்திலிருந்து ஆசை வார்த்தைகளால் ஈர்க்கப்பட்டுத் தேயிலை மலைக்கு வந்து சேர்ந்தோரின் வாழ்வைத் தலைமுறை வழியாகத் தொடர்ந்து செல்வது அந்நாவல். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இலங்கை, இந்திய அரசுகளிடையே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் பிரஜாவுரிமையற்றோர் எனக் கணிக்கப்பட்ட இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. அவர்களை அந்நிலைக்கு ஆளாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவனிடமும் அவன் தந்தை இங்கு பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயங்களில் அத்தாட்சிக்கு எங்கே போவது? பத்திரம் காட்ட இயலாத அந்த வம்சத் தொடர்ச்சியை, ஒரு குடும்பத்தின் பிறப்பு இறப்புகளாக விரித்துக் காட்டுகிறது நாவல். கங்காணிகள் வழி ஆள்சேர்த்த கங்காணிமுறைக் காலத்தைப் பற்றிய கதை, 1964ஆம் ஆண்டின் வழக்குக்கும் சாட்சியாகிவிடுகிறது.

சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் அவ்வாண்டு தெரிவான எழுவருள் ஒருவர். அத்தொழிலாளரின் வாக்குரிமை பறிபோனபின் 1952 தேர்தலில் அப்பிரதிநிதித்துவம் அடியோடு அற்றுப்போனதைக் கண்ட அவர், 1981இல் நூலாக வந்த ‘வீடற்றவன்’ நாவலில், தொழிற்சங்கம் அமைக்கத் துணிந்த ஒருவன் வேலையோடு இருப்பிடத்தையும் இழப்பதைச் சித்திரித்தார். லயத்துக் காம்பரா தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், வேலைநீக்கச் சீட்டான பத்துச்சீட்டைப் பெற்றவனுக்குக் கூலி மட்டுமன்றிக் கூரையும் இல்லாதொழிந்தது என்னும் பொருளாதார உண்மை, அந்நாவலில் ஒரு மனிதனின் அனுபவமாகப் பிரத்தியட்சமாகிறது.

தோட்டங்களில் வைத்தியராகப் பணியாற்றிய தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ (1979), 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையானபின், தோட்டக் காணியைப் பிறருக்குப் பங்கிடும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்து நின்றதைக் கூறுவது. நிகழ்ச்சிகளின் சூடு ஆறுமுன் எழுதப்பட்டமையால் அதன் வேகம் நேர்சாட்சியின் வேகமாகும். காலம் கடந்து வரும் நிதானத்தை அதனிடம் எதிர்பார்த்தல் நியாயமன்று.

கற்பனை கலந்ததை எங்ஙனம் சான்றாகக் கொள்வது என்பார்க்குப் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ (1935) தக்க உதாரணம். இலங்கைத் தோட்டங்களை நேரிற் காணாத ஒருவர் எழுதிய அக்குறுநாவலை, தோட்ட நிர்வாகத்தை அறியும் பொருட்டு ஆதாரமாகக் கொள்ளல் பொருந்தாது. கடல் கடந்து சென்றோரைப் பற்றித் திருநெல்வேலிச் சீமை கொண்டிருந்த அச்சத்தையும் இரக்கத்தையும் அறிவதற்கோ அதனினும் சிறந்த ஆதாரம் அரிது. ஒரு நூல் எதற்குச் சாட்சி என்று வரையறுத்தபின், கற்பனை அதன் சாட்சியத்தைக் கெடுப்பதில்லை.

இந்நாவல்களை இயற்றியோர் தொழிற்சங்கத்தாரும் வைத்தியரும் பத்திரிகையாளருமாவர். கொழுந்து பறித்த பெண் தன் கைப்படத் தீட்டியவை அல்ல. ஆகவே அவற்றின் மௌனங்களையும் ஆராய்தல் வேண்டும். மலையகக் கலாசாலைகளில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தையும் ‘தூரத்துப் பச்சை’யையும் அருகருகே வைத்துப் போதித்தால், சட்டம் எவரை மறந்தது என்பதை நாவலாலும், நாவல் எதனை விளக்காமல் விட்டது என்பதைச் சட்டத்தாலும் மாணவர் உணர்வர். தம் முன்னோர் சரித்திரத்தின் புறத்தே நின்ற கூட்டமல்லர், அதன் நடுவே வாழ்ந்த மாந்தர் என்னும் தெளிவு அக்கல்வியால் விளையுமாயின், அதுவே நாவலைப் பாடநூலாக ஏற்பதற்குப் போதிய நியாயமாகும்.