பெயரில் எஞ்சிய சறுக்குப்பாதை

ஆனைமலையிலுள்ள டாப்ஸ்லிப்பின் பெயர் ஒரு தொழில்நுட்பத்தைச் சுட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கும், பின்னர் இருப்புப்பாதைக் கட்டைகளுக்கும் இங்குத் தேக்கு வெட்டப்பட்டது. காட்டுக்குள்ளிருந்து யானைகள் இழுத்துவந்த மரங்கள், சரிவின் உச்சியிலிருந்து சமவெளி நோக்கிச் சறுக்கிவிடப்பட்டன. அவ்வுச்சியே 'டாப் ஸ்லிப்'. இறக்கத்தில் வண்டியே தேவைப்படவில்லை. மரத்தின் எடையே போதுமானதாயிற்று. உச்சிவரை கொண்டுசேர்ப்பதுதான் கடினம். அதற்கு யானையும் பாகனும் வேண்டும்.

அழிந்த தேக்கை மீட்ட வன அதிகாரி ஹ்யூகோ வுட் 1933இல் மறைந்தார். அவர் கல்லறை அங்கேயே பேணப்படுகிறது. மரம் இழுத்த யானைகளுக்கோ பாகர்களுக்கோ ஊர்ப்பெயரில் இடமில்லை. ஆங்கிலேயர் சூட்டிய பெயர், உழைப்பை விடுத்துச் சரிவை மட்டுமே கண்டது. அருகிலுள்ள கோழிகமுத்தி முகாமில் இன்றும் யானைகளைப் பழக்குவோர் பெரும்பாலும் மலசர் பழங்குடியினரே.