கிளாலி யாகப்பர்: படையெடுப்பின் புனிதரா, துறையின் காவலரா?

கிளிநொச்சி மாவட்டத்துப் பச்சிலைப்பள்ளிப் பிரிவில், யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் கரையில் இருக்கிறது கிளாலி. அங்கே கோயில் கொண்ட யாகப்பர் மீது 1647இல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் சந்தியோகுமையோர் அம்மானையைப் பாடினார். நாட்டை ஆண்ட போர்த்துக்கேயரின் சமயத்துக்குத் துணைபோன நூல் என்ற அளவில் அதனை மதிப்பிட்டு நிறுத்திக்கொள்வது போதாது என்பதே என் வாதம்.

அந்த மதிப்பீட்டுக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் த ஒலிவேரா யாழ்ப்பாண அரசை வீழ்த்தினான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவனும் அவனே. ஐபீரியப் படைகள் யாகப்பரின் பெயரைப் போர்முழக்கமாகக் கூவிக்கொண்டே களமிறங்கின. 844இல் கிளவிகோ என்ற இடத்தில் அவர் வெண்புரவியில் தோன்றி, மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்களை வெட்டி வீழ்த்தினார் என்பது ஸ்பானிய ஐதீகம். அப்படியொரு போர் நடந்ததென்பதையே இன்றைய வரலாற்றறிஞர் ஏற்பதில்லை. ஆனாலும் அந்தக் குதிரைவீரர் மெக்சிக்கோ வரை படைகளோடு போனார். தோற்ற மண்ணில், தோல்வி நிகழ்ந்து 28 ஆண்டுகளில், அதே புனிதருக்கு ஒரு தமிழ்ப் புலவர் பாட்டுக் கட்டியது நெருடத்தான் செய்யும்.

விவிலியத்து யாகப்பரோ வேறு ஆள். செபதேயுவின் மகன், கலிலேயக் கரையில் தகப்பனோடு படகிலிருந்து வலை பொத்திக்கொண்டிருந்தபோது அழைக்கப்பட்டவர். தங்களை ஏற்க மறுத்த சமாரியர் ஊரை வானத்து நெருப்பால் அழிக்கலாமா என்று தம்பி யோவானோடு சேர்ந்து கேட்டு, இயேசுவிடம் கடிந்துரை வாங்கியவர். ஏறத்தாழ 44ஆம் ஆண்டில் ஏரோது அகிரிப்பாவின் வாளுக்கு இரையானார். வலைத்தொழில் செய்யும் கரையோர மக்கள் இவரை நெருங்க ஸ்பானியப் போர்க்கதை தேவைப்பட்டிருக்காது.

இந்த வணக்கம் எதன் பலத்தில் நின்றது என்பதற்கான சோதனை 1658இல் வந்தது. யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்து, குருக்களைத் துரத்தினர். கத்தோலிக்கக் குரு யோசேவாஸ் அடிகள் 1687இல் மறைந்து வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பூசைவைக்க ஆளில்லை. அரசின் நிழலில் மட்டும் வளர்ந்த வணக்கமாயிருந்தால் அந்த இடைவெளியில் பட்டுப்போயிருக்கும். அம்மானையோ ஓசையோடு நீட்டிப் பாடும் கதைப்பாட்டு. ஒருவர் படிக்க ஊர் கேட்கலாம். கேட்பவருக்கு எழுத்தறிவும் வேண்டாம், குருவும் வேண்டாம். குருவற்ற காலத்தில் புனிதரின் கதையைக் காத்ததில் இந்த வடிவத்துக்குப் பெரும்பங்கு இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிளாலி குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடைப்பட்ட துறை. 1990களின் தொடக்கத்தில் உள்நாட்டுப் போரால் ஆனையிறவுப் பாதை அடைபட்டபோது குடாநாட்டுச் சனம் வன்னிக்குப் போக நம்பியது இந்த நீர்வழியைத்தான். இராவிருட்டில், வெளிச்சமின்றி, இயந்திரப் படகின் பின்னே படகுகளைக் கயிற்றால் பிணைத்து இழுத்துப் போனார்கள். 1993 சனவரி 2ஆம் திகதி அப்படிக் கடந்தவர்களில் பலர் கடற்படையின் தாக்குதலில் கொல்லப்பட்டனர். பின்னாளில் கிளாலி–முகமாலை–நாகர்கோவில் முன்னரண் வரிசை இவ்வூரின் ஊடாகவே போனது. இத்தகைய கரையில் ஒரு புனிதரிடம் மக்கள் கேட்பது வெற்றியை அல்ல, அக்கரை சேர்வதை.

வெண்புரவியையும் வாளையும் கண்டு, ஐயனாரே யாகப்பராக வேடம் மாறினார் என்று முடித்துவிடுவோர் உண்டு. வன்னியில் ஐயனார் குளக்கட்டுகளைக் காப்பவர் என்பதால் இந்த ஒப்புமையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது புனிதரின் தோற்றத்தை மட்டுமே விளக்கும்; தடைக்காலத்திலும் வணக்கம் நீடித்ததை விளக்காது. பாக்குநீரிணைக்கு அப்பால், இராமேசுவரத் தீவின் தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பர் திருவிழாவில் இந்துக்களோடு முஸ்லிம்களும் கலந்துகொள்கிறார்கள். மூர்களை வெட்டியவர் என்ற பட்டம் அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை. படையெடுத்தவர் கொண்டுவந்த கதையில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைக் கரையோர மக்கள் தாமே தெரிந்தெடுத்தார்கள். பேதுருப் புலவரின் அம்மானையை அந்தத் தெரிவின் சான்றாகவும் படிக்க வேண்டும். அதற்கு நூலை லிஸ்பனிலிருந்து நோக்குவதை விட, கிளாலித் துறையிலிருந்து நோக்குவதே பொருந்தும்.