கொசுவுக்கு நீட்டிய கை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய ராணுவத்தினர் கொசுக்கடிக்குப் பூசிக்கொண்டது சிட்ரோனெல்லா எண்ணெயும் கற்பூரமும் பாரஃபினும் சேர்ந்த கலவை. சிட்ரோனெல்லாப் புல் இலங்கையின் தென்பகுதியில், மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கங்களில் விளைந்தது. வாசனைப் பொருள்களுக்கும் சோப்புக்கும் போன எண்ணெய்தான் அது. வாசனை ஆவியாகிப் பரவுவதால் கொசு விலகும். ஆவியாகித் தீர்ந்ததும் திரும்பி வந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் சண்டையிட்ட அமெரிக்கப் படைகளைக் குண்டடியோடு மலேரியாவும் வீழ்த்தியது. அப்போது கையில் இருந்த கொசுவிரட்டிகள் மூன்று: 1929-இல் வந்த டைமெத்தில் தாலேட், 1937-இல் வந்த இண்டலோன், 1939-இல் வந்த ரட்கர்ஸ் 612. இவற்றை ஆறுக்கு இரண்டு, இரண்டு என்ற அளவில் கலந்து படையினருக்குக் கொடுத்தார்கள். அதுவும் போதவில்லை.

ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் அமெரிக்க வேளாண்துறை ஆய்வகம் ஆயிரக்கணக்கான ரசாயனங்களைச் சோதிக்கத் தொடங்கியது. சோதனைக் கருவி மனிதக் கைதான். முன்னங்கையில் மருந்தைப் பூசி, பசித்த கொசுக்கள் நிறைந்த கூண்டுக்குள் நீட்ட வேண்டும். கடி விழும்வரை எத்தனை நிமிடம் என்று குறிக்க வேண்டும். நவீன வசதிகள் எத்தனை வந்தும் இந்த முறை இன்றுவரை நீடிக்கிறது. கொசுவை ஏமாற்றிக் காட்டும் பொருளுக்கு அதைவிட நேர்மையான தேர்வு ஏது?

1944-இல் வேளாண்துறை வேதியியலாளர் சாமுவேல் கெர்ட்லர் உருவாக்கிய டீட் அந்தத் தேர்வில் தேறியது. 1946-இல் ராணுவம் அதை ஏற்றது. 1957-இல் பொதுமக்களின் கைக்கு வந்தது. அது கொசுவின் மோப்பத்தைக் குழப்புகிறதா, அல்லது அதன் வாடையே கொசுவுக்குப் பிடிக்கவில்லையா என்று 2008-இலும் விஞ்ஞானிகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். டீட்டின் மூலப்பொருள் கிடைப்பது சிரமமானதால் குவாலியரில் உள்ள இந்தியப் பாதுகாப்பு ஆய்வகம் டெபா என்ற மாற்றை உருவாக்கியது.

பாதுகாப்பைப் பற்றிய சந்தேகங்கள் வெறும் வதந்தி அல்ல. விலங்குச் சோதனையில் கருவைப் பாதித்ததால் ரட்கர்ஸ் 612 அமெரிக்கச் சந்தையிலிருந்து 1991-இல் வெளியேறியது. டீட் பூசிய சில குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததாகவும் செய்திகள் இருந்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998-இலும் 2014-இலும் அவற்றை ஆராய்ந்து, குறிப்பில் சொன்னபடி பயன்படுத்தினால் கவலைப்பட ஏதுமில்லை என்றது. சில வகைப் பிளாஸ்டிக்கையும் செயற்கை இழைத் துணியையும் டீட் கரைக்கும் என்பது மட்டும் உண்மை. கைக்கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் ஜாக்கிரதை.

‘இயற்கை’ என்ற முத்திரையைக் கண்டதும் மனம் நிம்மதியடைகிறது. 2002-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஃப்ராடினும் டேயும் வெளியிட்ட ஆய்வு அந்த நிம்மதியைக் கலைத்தது. 15 தன்னார்வலர்கள், 16 பொருள்கள், அதே கூண்டு. 23.8 சதவீத டீட் சராசரியாக 301.5 நிமிடம் காத்தது. சிட்ரோனெல்லாப் பூச்சுகள் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. மணிக்கட்டுப் பட்டைகள்? அரை நிமிடம்கூட இல்லை; டீட் ஊறிய பட்டைக்கும் அதே கதிதான்.

ஆகவே கடையில் பச்சை இலைப் படத்தைப் பார்க்காமல், பின்பக்கத்தில் மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் பாருங்கள். சதவீதம் கூடினால் காக்கும் நேரம் நீளும்; 50-ஐத் தாண்டினால் பெரிய பலன் இல்லை. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு டீட் வேண்டாம், கொசுவலை போதும்.