ஒரே கார், மூன்று பெயர்

1950களின் முற்பாதியைச் சேர்ந்த பிளைமவுத், டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமாட் ஆகிய மூன்று கார்களையும் வரிசையாக நிறுத்தி முன்னால் போய் நின்று பாருங்கள். மூன்றும் வேறு வேறு கார்கள் போலத் தெரியும். டிசோட்டோவின் கிரில் பல்லை இளித்துக்கொண்டிருக்கும். டாட்ஜின் முகம் வேறு, பிளைமவுத்தின் முகம் வேறு. இப்போது பக்கவாட்டில் வந்து நின்று பாருங்கள். கதவு, கூரை, கண்ணாடி, டிக்கி எல்லாம் ஒன்றேதான்! மூன்றும் பிளைமவுத்தின் உடம்பு. முகமும் பெயர்ப்பட்டையும் மட்டும்தான் மாறியிருக்கின்றன.

இதற்குக் காரணம் இஞ்சினியரிங் அல்ல, வியாபாரம். அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1928ஆம் ஆண்டில் மூன்று காரியங்களைச் செய்தது. விலை குறைந்த பிளைமவுத்தை அறிமுகப்படுத்தியது, நடுத்தர விலைக்கு டிசோட்டோவைக் கொண்டுவந்தது, டாட்ஜ் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. அமெரிக்காவில் டாட்ஜ், டிசோட்டோ விற்கும் கடைக்காரர்களுக்கே பிளைமவுத்தையும் விற்கக் கொடுத்தார்கள். கனடாவிலும் வெளிநாட்டுச் சந்தைகளிலும் வேறு வழி. டாட்ஜ் டீலருக்கும் மலிவான கார் வேண்டும், ஆனால் அதில் அவருடைய பெயர் இருக்க வேண்டும். எனவே பிளைமவுத்துக்கே டாட்ஜ் முகத்தை மாட்டி அனுப்பினார்கள். இந்தக் கலப்புக்கு இன்றைய பழைய கார் பிரியர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'பிளாட்ஜ்'. புதிய அச்சு செய்ய ஆகும் பணம் மிச்சம், கடைக்காரருக்கும் திருப்தி. வாங்குகிறவர் மட்டும் தன் கார் தனி ரகம் என்று நினைத்துக்கொள்வார்.

இந்தியாவுக்கு இந்த வண்டிகள் வந்த வழி பம்பாய். வால்சந்த் ஹிராசந்த் 1944ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு குர்லாவில் தொழிற்சாலை அமைத்தது. அங்கேதான் இந்த மூன்று பெயர்களிலும் கார்களைப் பூட்டினார்கள். லாரியிலும் இதே கதைதான். டாட்ஜ், பார்கோ, டிசோட்டோ என்று மூன்று பெயர்களில் விற்ற லாரிகள் அடிப்படையில் ஒரே குடும்பம். நம் ஊர்ப் பெரியவர்களிடம் பார்கோ லாரி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

பிறகு காலம் மாறியது. 1953ல் வரிக்குழுவின் பரிந்துரைப்படி, உதிரி பாகங்களை இங்கேயே தயாரிக்கத் திட்டம் இல்லாத கம்பெனிகள் வெறுமனே பூட்டி விற்பதை அரசு நிறுத்தச் சொன்னது. 1928லிருந்து பம்பாயில் செவர்லே பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954ல் கடையைக் கட்டியது. பிரீமியர் தப்பித்தது. ஆனால் அதுவும் மெல்ல மெல்ல சின்ன பியட் காரின் பக்கம் சாய்ந்துவிட்டது. அமெரிக்கப் பெரிய கார் வைத்திருந்தவர்களுக்கு ஒரு மட்கார்டு நசுங்கினால் புதியது எங்கே கிடைக்கும்? இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். டிசோட்டோவுக்கு இன்னும் மோசம், 1960 நவம்பரில் அந்தப் பெயரையே கிரைஸ்லர் மூடிவிட்டது.

அப்போது கைகொடுத்தது அந்த ஒரே உடம்புதான். டிப்ளமாட்டின் கதவு துருப்பிடித்துப் போனால், ஓடாமல் நிற்கும் ஒரு பிளைமவுத்தின் கதவைக் கழற்றி மாட்டலாம். பக்கப் பட்டைக்கான துளைகள் மாறியிருந்தால் அடைத்துவிட்டு வேறு துளை போட வேண்டும், அவ்வளவுதான். முன் மட்கார்டு, பானெட், கிரில் எல்லாம் போல்ட் போட்டு மாட்டியவை. கண்ணாடிக்கு முன்னால், பானெட் முடியும் இடத்தில் ஒரு தகட்டுச் சுவர் இருக்கிறதல்லவா? அது இரண்டு வண்டியிலும் ஒன்றாக இருந்தால், முன்பக்கம் முழுவதையும் மொத்தமாகக் கழற்றி இன்னொன்றில் ஏற்றிவிடலாம்.

ஆனால் எல்லாம் எல்லாவற்றிலும் பொருந்திவிடாது. பழவேற்காட்டுக் கடற்கரையில் கட்டுமரம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மரங்களைக் கயிற்றால்தான் பிணைத்திருப்பார்கள், அவிழ்க்கலாம், கட்டலாம். ஆனால் எந்த மரம் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது செதுக்கும்போதே முடிவாகிவிடும். காரிலும் அப்படித்தான். 1953ன் கதவு 1954க்குப் பொருந்தும், ஏனென்றால் உடம்பு ஒன்று. 1955ல் உடம்பையே புதிதாக வார்த்தார்கள், எனவே அதற்குப் பொருந்தாது. நான்கு கதவு வண்டியின் கதவு இரண்டு கதவு வண்டிக்கு ஆகாது. அமெரிக்காவிலிருந்து டேஷ்போர்டு வரவழைத்தால் அது இடதுபக்க ஸ்டியரிங்குக்கானது.

பெரிய பொறி பெயரில்தான் இருக்கிறது. டாட்ஜ் கிங்ஸ்வேக்கு டாட்ஜ் பாகம்தானே வாங்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் 1955ல் அமெரிக்கர்கள் ஓட்டிய டாட்ஜின் வீல்பேஸ் 120 அங்குலம். பிளைமவுத்துக்கு 115. கிங்ஸ்வே பெயரில் டாட்ஜ், அளவில் பிளைமவுத்! அதே பெயருள்ள காரின் பாகம் பொருந்தாது, வேறு பெயருள்ள காரின் பாகம் பொருந்தும். போர்டு கம்பெனியிலும் இந்த வேடிக்கை உண்டு. 1949ன் மெர்க்குரி, போர்டின் பெரிய அண்ணன் என்றுதான் பலரும் நினைப்பார்கள், ஆனால் அதன் உடம்பு சின்ன லிங்கனோடு சேர்ந்தது. கனடாவில் விற்ற மீட்டியர்தான் உண்மையில் வேறு முகம் மாட்டிய போர்டு.

சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டையைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய வண்டியைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் அந்தத் தொழிலில் முக்கியமான அறிவு இதுதான்: எது எதற்குச் சேரும் என்பது. கம்பெனிப் புத்தகத்தில் இது இருக்காது. கதவை இன்னொரு வண்டியில் வைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இப்போது இதில் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. 2021ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள். கூடவே ஒரு நிபந்தனை: வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், உடற்கூடு, இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

பெட்ரோல் செலவுக்குப் பயந்து டீசல் இஞ்சின் ஏற்றிய பழைய அமெரிக்கக் கார்கள் இந்தியாவில் ஏராளம். அவை இந்த நிபந்தனையில் நேராகவே மாட்டிக்கொள்ளும். ஆனால் பிளைமவுத் கதவு மாட்டிய கிங்ஸ்வே? அது வேறு காரின் கதவுதான், ஆனால் அதே அச்சில் அடித்தது. முன்பக்கம் முழுவதும் மாற்றிய வண்டி என்றால் கேள்வி இன்னும் கடினம். பார்க்கிறவருக்கு அது டிசோட்டோ, ஆர்.சி. புத்தகத்தில் பிளைமவுத். அங்கே கிரில்லைப் பார்த்துப் பயனில்லை, சேசிஸ் எண்ணைத்தான் தேட வேண்டும். அதுவும் துருப்பிடிக்காமல் இருந்தால்!