நெறிகட்டும் காவல் அணுக்களும்

1986 ஆம் ஆண்டு. அன்று போர்ட் பிளேர் என்றிருந்த நம் ஊரில், அபர்டீன் பஜாரில் கடை வைத்திருந்த என் சித்தப்பாவுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவு நெறி கட்டியது. வலி இல்லை. "சூட்டுக் கட்டிடா, மஞ்சப் பத்துப் போட்டா அமுங்கிடும்" என்றார் பாட்டி. அமுங்கவில்லை. ராத்திரியில் வேர்த்துக் கொட்டியது, உடம்பு இளைத்தது. காசநோய் என்று ஒருவர் சொல்ல, ஐந்து மாதம் அந்த மருந்தே ஓடியது. பிறகுதான் கப்பலேறினார்கள். மூன்று நாளில் சென்னை.

போய்ச் சேர்ந்த இடம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தங்கையை 1923 இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் 12 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது அது. கட்டியிலிருந்து எடுத்த துண்டைச் சோதித்து, ஹாட்ஜ்கின் நோய், அதாவது நிணநீர்ப் புற்றில் ஒரு வகை என்றார்கள். அங்கிருந்த டாக்டர் அம்மா சித்தியிடம், "கட்டியில வெள்ளையணுக்கள் இன்னும் கூட்டமாத்தான் இருக்கு, தைரியமா இருங்க" என்றாராம். சித்திக்குக் குழப்பம். "கட்டியில இருக்கறது கெட்டதுதானே? அதுல நல்லது எப்படி வந்துச்சு?"

நியாயமான கேள்வி. மருத்துவ உலகமே இதற்கு நெடுநாள் தடுமாறியிருக்கிறது.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் ஹாட்ஜ்கின் 1832 இல் ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதியதே தொடக்கம். 1898 இல் வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பர்க், கட்டிக்குள் ஆந்தைக் கண் போன்ற பெரிய அணுக்களை விவரித்தார்; ஆனால் இது காசநோயின் ஒரு வடிவம் என்றே நம்பினார். சித்தப்பாவுக்கு நேர்ந்த அதே குழப்பம்! 1902 இல் அமெரிக்காவின் டோரதி ரீட் என்ற பெண் மருத்துவர்தான் இது வேறு நோய் என்று தெளிவாக்கினார்.

வியப்பு என்னவென்றால், அந்த ஆந்தைக் கண் அணுக்கள்தாம் புற்று. அவை கட்டியில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மீதியெல்லாம் நம் உடம்பின் காவல் அணுக்கள். 1966 இல் லூக்ஸ், பட்லர் என்ற இருவர் இந்தக் கூட்டத்தை வைத்தே நோயைத் தரம் பிரித்தார்கள். நிணவணுக்கள் நிறைந்திருந்தால் நோயாளி நெடுநாள் இருப்பார், வற்றியிருந்தால் நாள் குறைவு. டாக்டர் அம்மா சொன்ன ஆறுதலுக்கு வேர் இதுதான். 1975 இல் இத்தாலியின் பொனடோனா நான்கு மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறையை வெளியிட்டார். பெரும்பாலோர் குணமாகத் தொடங்கியதும் அந்தத் தரப்பிரிப்பின் மதிப்பும் குறைந்துபோனது.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. எத்தனை காவலர் என்பதைவிட எந்தக் காவலர் என்பது முக்கியம் என்று பின்னால் தெரிந்தது. 2010 இல் கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள், கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கணுக்கள் கட்டியில் மிகுந்திருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்கள். காவலரே கள்ளனுக்குக் காவல்! கூட்டத்தை "வா" என்று அழைப்பதே புற்றணுதான். அழைத்து வந்து, அவற்றின் கையைக் கட்டியும் போடுகிறது. கட்டும் கயிற்றின் ஒரு முனை, டி அணுவின் மேலுள்ள பிடி-1 என்ற புரதம். 1992 இல் ஜப்பானின் ஹோஞ்சோ ஆய்வகம் அதைக் கண்டது. 2018 இல் அவருக்கு நோபல். அந்தக் கயிற்றை அவிழ்க்கும் நிவோலுமாப் மருந்தை, வேறெதற்கும் மசியாத 23 ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது 20 பேருக்குக் கட்டி சுருங்கியது. 2016 இல் அமெரிக்கா இந்நோய்க்கு அதை அனுமதித்தது.

நம் நாட்டிலும் 2023 இல், மும்பை ஐஐடியும் டாடா மருத்துவமனையும் உருவாக்கிய சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. நோயாளியின் டி அணுக்களையே வெளியே எடுத்து, பழக்கி, திரும்ப ஏற்றுவது. ஆனால் அது பி அணுப் புற்றுகள் சிலவற்றுக்கு. சித்தப்பாவின் நோய்க்கு அல்ல.

சித்தப்பா பிழைத்தார். ஆறு மாதம் சென்னையில் வாடகை அறை, கையில் ஊசி குத்திய கருப்புத் தழும்பு, கொட்டி முளைத்த முடி. 2011 வரை கடையில் உட்கார்ந்தார். அந்தப் பரிசோதனைத் தாளைச் சித்தி இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். போன பொங்கலுக்குப் போனபோது எடுத்துப் படித்தேன். நிணவணுக்களைப் பற்றி ஒரு வரி தட்டச்சில் இருக்கிறது. பெருவிழுங்கணுக்களைப் பற்றி ஒன்றுமில்லை. அன்று அவற்றை எண்ணிப் பார்க்கும் வழக்கமில்லை.