பை சுமந்தவரின் பெயர்

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் கிளம்பி, குண்டசாலையைத் தாண்டி, திகன சந்தியில் இராஜவெல்ல பக்கம் திரும்பினால் காற்றின் குணமே மாறிவிடும். கீழே விக்டோரியா நீர்த்தேக்கம், அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர், நடுவே மேடும் பள்ளமுமாய்ப் புல்வெளி. டொனால்ட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த 18 குழி கோல்ப் திடல் 1999இல் இங்கே திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீருக்கு அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. 122 மீட்டர் உயரமுள்ள அணையை 1985 ஏப்ரலில் திறந்தபோது பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சரும் வந்திருந்தார்.

அந்தத் திடலுக்குப் போனால் என் கண் ஆட்டக்காரரிடம் நிற்பதில்லை. அவருக்கு நாலு அடி பின்னால் நிற்பவரைத்தான் பார்க்கும். தோளில் பை. ஒரு சிட்டிகை புல்லைக் கிள்ளி மேலே எறிந்து, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் காற்றைச் சொல்கிறார். பந்து உருளப்போகும் வழியில் தன் நிழல் விழாதபடி ஒதுங்கி நிற்கிறார். இவரை ‘கேடி’ என்பார்கள். இந்த வாரம் நான் சொல்லப்போகும் கதை இவரிடமிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

கோல்பில் இரண்டு வகை ஆட்டக்காரர். ஆசைக்கு ஆடுபவர் அமெச்சூர், காசுக்கு ஆடுபவர் தொழில்முறை வீரர். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது அல்லவா? 1886இல் பிரித்தானியக் கோல்ப் கழகங்கள் அமெச்சூர் என்பவர் யார் என்று விதி எழுதின. பரிசுப் பணத்துக்கு ஆடியவர் அமெச்சூர் இல்லை. மட்டை செய்து விற்றவர் இல்லை. பாடம் சொல்லிக் கூலி வாங்கியவர் இல்லை. அதோடு இன்னொரு வரியும் இருந்தது. பதினைந்து வயதுக்குப் பிறகு கூலிக்குப் பை சுமந்தவரும் அமெச்சூர் இல்லை! ஏழை வீட்டுப் பிள்ளை பதினாறு வயதில் ஒருநாள் பை தூக்கினால், அந்த விதிப்படி அவனுக்கு அமெச்சூர் போட்டியின் கதவு அடைத்தாயிற்று. பந்தை எவ்வளவு நன்றாக அடிக்கிறான் என்பதை யாரும் கேட்கவில்லை, எப்படிச் சோறு தின்கிறான் என்பதைத்தான் கேட்டார்கள். அந்த விதியை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

அந்த மனப்பான்மைதான் நம் மலைகளுக்கும் கப்பலேறி வந்தது. கண்டியில் 1854இல் தோட்டத்துரைமார் சங்கம் அமைந்தது. 1867இல் ஹேவாஹெட்ட பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோல்பும் ஸ்கொட்லாந்தின் சொத்துதான். கொழும்புக் கோல்ப் கழகம் 1879இலும் நுவரெலியாக் கழகம் 1889இலும் பிறந்தன. துரை ஆட, லயத்துப் பையன் சுமந்தான். கழகத்துக்குள் உறுப்பினராக அவன் காலெடுத்து வைக்க முடியாது.

இங்கிலாந்திலேயே தொழில்முறை வீரருக்குக் கழக வாசல் மூடித்தான் இருந்தது. 1920இல் டீல் நகரில் நடந்த ஓப்பன் போட்டிக்கு வந்த அமெரிக்க வீரர் வால்டர் ஹேகனை உடைமாற்றும் அறைக்குள் விடவில்லை. அவர் ஆடம்பரக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கழக வாசலிலேயே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றினார்.

இந்தச் சுவரில் ஒரு கதவைத் திறந்தவர் ஒரு பாடகர். பிங் கிராஸ்பி 1937இல் கலிபோர்னியாவின் ராஞ்சோ சாண்டா ஃபேயில் தன் கைப்பணத்தைப் போட்டு ஒரு போட்டி நடத்தினார். ஒரு தொழில்முறை வீரரும் ஒரு அமெச்சூரும் ஒரே அணி. ‘புரோ-ஆம்’ என்று பேர். அது எப்படிச் சாத்தியம்? அமெச்சூரின் திறமைக்கு ஏற்பச் சலுகை அடிகள் உண்டு. பதினெட்டு அடி சலுகை உள்ளவருக்குக் குழிக்கு ஒன்று கழியும். வீரர் ஐந்து அடியில் முடித்த குழியை அவரும் ஐந்தில் முடித்தால், அவர் கணக்கு நான்கு. அணிக்கு அந்த நான்குதான் சேரும். அந்த ஒரு குழியில் வீரரைக் காப்பாற்றியவர் கத்துக்குட்டி. முதல் வருடம் மழை கொட்டியதால் 18 குழிகளோடு ஆட்டம் நின்றது. 68 அடிகளில் வென்ற சாம் ஸ்னீடுக்கு 500 டாலர் கிடைத்தது.

போரால் நின்ற போட்டி 1947இல் பெப்பிள் பீச் கடற்கரையில் மீண்டும் எழுந்தது. கிராஸ்பி 1977இல் மட்ரிட் அருகே ஒரு கோல்ப் ஆட்டத்தை முடித்த கையோடு மாரடைப்பில் இறந்தார். 1985க்குப் பிறகு அவர் பெயரும் போட்டியிலிருந்து போயிற்று. நிறுவனப் பெயர் வந்தது. ஆடுகளங்களில் ஒன்றான சைப்ரஸ் பாயின்ட் கழகம், கறுப்பின உறுப்பினரைச் சேர்க்கும் விதிக்கு உடன்படாமல் விலகியது. 1991இலிருந்து அது போட்டியில் இல்லை. 2024இல் அமெச்சூர்கள் 80 பேராகக் குறைந்து, அவர்கள் ஆட்டம் இரண்டு நாளோடு முடிந்தது. போட்டி இருக்கிறது, கிராஸ்பி நடத்திய அந்தப் போட்டி இல்லை. இங்கிலாந்தில் பௌமேக்கர் புரோ-ஆம் 1957இல் தொடங்கி 1970உடன் மறைந்தது.

இவற்றில் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. பணமுள்ள அமெச்சூரையும் வீரரையும் ஒரே அட்டையில் எழுதிய புரோ-ஆம், பை சுமந்தவரை அட்டைக்கு வெளியேதான் வைத்தது. ஆனாலும் அவர் வந்தார். பெங்களூரில் பை சுமந்த சின்னசாமி முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். நம் நாட்டின் தங்கராஜாவும் பிரபாகரனும் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடியவர்கள். பத்திரிகையின் முடிவுப் பட்டியலில் இந்தப் பெயர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இன்னும் எத்தனையோ பேரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. உங்கள் அப்பாவோ தாத்தாவோ நுவரெலியாவிலோ இராஜவெல்லவிலோ பை சுமந்தவரா? அவர் பெயரையும், எந்தத் தோட்டம், எந்த வருடங்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி இந்தத் தொடருக்கு அனுப்புங்கள். பழைய புகைப்படம் இருந்தால் பிரதி போதும், மூலப்படத்தை வீட்டிலேயே பத்திரமாக வைத்திருங்கள்.